பழைய மஸ்டாங்கின் முன் சஸ்பென்ஷன்: அறிகுறியைப் பார்த்துக் கன்ட்ரோல் ஆர்ம் தேர்ந்தெடுப்பது எப்படி

முதல் தலைமுறை ஃபோர்டு மஸ்டாங்கில் முன்பக்கம் சத்தம் கேட்டாலோ, ஸ்டீயரிங் தள்ளாடினாலோ, பலரும் முதலில் செய்வது புது கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைத்து மேலும் கீழும் ஆடவிடும் கை) செட் ஒன்றை வாங்கி மாட்டுவதுதான். பாதிப் பேருக்கு அதனால் பலன் கிடைப்பதில்லை. ஆர்ம் நல்ல நிலையில் இருக்கும். அதிலுள்ள ஒரு புஷ்ஷோ (ஆர்ம் சுழலும் இடத்தில் உள்ள உறை), ஸ்பிரிங் உட்காரும் சீட்டோ, இன்ஜினுக்கு இருபுறமும் நின்று ஆர்மைத் தாங்கும் ஷாக் டவரோதான் கெட்டிருக்கும். எது கெட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எந்த ஆர்ம் வாங்குவது என்ற கேள்விக்கே பொருள் உண்டு. கீழே உள்ளவை முக்கியமாக 1965, 1966 வண்டிகளுக்கானவை. 1967 முதல் மாறியவற்றை ஆங்காங்கே சொல்லியிருக்கிறோம்.

முதலில் எடை எந்த வழியாகப் போகிறது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 1960-இல் வந்த ஃபால்கன் காரின் அமைப்பைத்தான் மஸ்டாங்கும் எடுத்துக்கொண்டது. இதில் காயில் ஸ்பிரிங் மேல் ஆர்மின் மீது உட்கார்ந்திருக்கும். வண்டியின் எடை ஷாக் டவரிலிருந்து ஸ்பிரிங்குக்கும், ஸ்பிரிங் சீட் வழியாக மேல் ஆர்முக்கும், அங்கிருந்து மேல் பால் ஜாயின்ட்டுக்கும் (ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் உருண்டை மூட்டு) இறங்கும். கீழ் ஆர்ம் எடை தாங்குவதில்லை. சக்கரத்தின் அடிப்பக்கத்தை அதன் இடத்தில் பிடித்து வைப்பது மட்டுமே அதன் வேலை. உள்பக்கம் ஒரே ஒரு போல்ட்டில் தொங்குவதால் முன்னும் பின்னுமாக வரும் விசையை அதனால் தாங்க முடியாது. அதற்குத்தான் கீழ் ஆர்மிலிருந்து முன்னால் சட்டத்துக்குப் போகும் ஸ்ட்ரட் ராட் இருக்கிறது. மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், ஸ்ட்ரட் ராட் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பெரும்பாலான அமெரிக்க கார்களில் ஸ்பிரிங் கீழ் ஆர்மில் இருக்கும். ஆகவே பொதுவான ரிப்பேர் குறிப்புகளை அப்படியே இந்த வண்டிக்குப் பயன்படுத்தினால் தவறான ஜாயின்ட்டைச் சந்தேகிப்பீர்கள்.

பள்ளம் மேட்டில் "கீச் கீச்" சத்தம்

மஸ்டாங்கின் மிகப் பிரபலமான நோய் இது. இடம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: மேல் ஆர்மின் உள் ஷாஃப்ட் (ஆர்ம் சுழலும் தண்டு) புஷ், ஸ்பிரிங் சீட்டின் புஷ், ஸ்ட்ரட் ராட் ரப்பர்.

ஒருவரை முன் பம்பரை அழுத்தி ஆட்டச் சொல்லுங்கள். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஒவ்வொரு இடமாக வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். சந்தேகமான ரப்பர் புஷ்ஷில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சுங்கள். சத்தம் ஒரு நிமிடம் அடங்கித் திரும்ப வந்தால் குற்றவாளி அதுதான். இதற்கு இன்ஜின் ஆயிலோ டீசலோ வேண்டாம். இயற்கை ரப்பர் ஊதிப்போய் மென்மையாகிவிடும்.

65-66 மேல் ஆர்மின் ஷாஃப்ட் முனைகளில் மரை வெட்டிய இரும்பு புஷ்கள் இருக்கும். இரும்பு இரும்போடு உராய்வதால் கிரீஸ் காய்ந்ததும் கத்தத் தொடங்கும். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது கிரீஸ் அடிக்கும் நிப்பிளுக்குப் பதில் அடைப்பான்கள் போட்டிருந்தார்கள். இடமும் நெருக்கம். அதனால் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கிரீஸ் காணாத ஆர்ம்கள் ஏராளம். அடைப்பானைக் கழற்றி, நேர் நிப்பிளுக்கு இடம் இல்லாத பக்கத்தில் 90 டிகிரி வளைந்த நிப்பிள் போடுங்கள். வண்டியின் சட்டத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தில் பளு இல்லாதபோது கிரீஸ் அடியுங்கள். பளுவோடு அடித்தால் மரையின் அழுந்திய பக்கத்துக்குக் கிரீஸ் போகாது. சத்தம் சில நாளில் திரும்பிவிடும்.

கிரீஸ் அடித்தபோது கறுப்புத் தூளோ துருவோ வெளியே வந்தால் மரை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இங்கே புது ஆர்ம், அல்லது ஷாஃப்ட்-புஷ் கிட், இரண்டில் ஒன்று வேண்டும். கிட் போடுவதாக இருந்தால் ஆர்மின் இரு கால்களுக்கும் இடையே இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை முட்டுக் கொடுத்த பிறகே புஷ்ஷைத் திருகுங்கள். முட்டு இல்லாமல் இறுக்கினால் கால்கள் உள்ளே நெருங்கி ஷாஃப்ட் கட்டிக்கொள்ளும். புஷ் முழுதாக இறுகிய பிறகும் ஷாஃப்டைக் கையால் சுற்ற வர வேண்டும்.

சத்தம் ஸ்பிரிங் சீட்டில் என்றால் ஆர்மை மாற்றத் தேவையே இல்லை. சீட்டின் நடுவே ஒரு ரப்பர் புஷ் உண்டு. ஆர்ம் மேலும் கீழும் போகும்போது அது முறுக்கிக்கொடுக்கும். ரப்பர் இரும்பிலிருந்து உரிந்துவிட்டால் கீச்சிடும். ரப்பருக்குப் பதில் பேரிங் வைத்த ரோலர் சீட் கிடைக்கிறது. இந்த வண்டிக்குச் செலவழிக்கும் பணத்தில் மிகுந்த பலன் தருவது அதுதான் என்பது எங்கள் கருத்து. ஸ்பிரிங் முறுக்கத்தை எதிர்க்காமல் தன் வேலையை மட்டும் பார்க்கும். பள்ளத்தில் வண்டி நடக்கும் விதமே மாறும்.

பிரேக் அடிக்கும்போது "டொக்" என்று ஒரு அடி

ஒருவரை உள்ளே உட்காரவைத்து, வண்டியை மெல்ல முன்னால் நகர்த்திப் பிரேக், பின்னால் நகர்த்திப் பிரேக் என்று செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பாதுகாப்பான தூரத்தில் பக்கவாட்டில் நின்று, சக்கரத்துக்கும் ஃபெண்டர் விளிம்புக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். சக்கரம் முன்பின்னாக நகர்ந்தால் ஸ்ட்ரட் ராட் முனை ரப்பர் நசுங்கியிருக்கும், இல்லையேல் கீழ் ஆர்மின் உள் புஷ் உரிந்திருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஸ்ட்ரட் ராடுக்கு பாலியூரித்தேன் புஷ் போடாதீர்கள். சக்கரம் ஏறி இறங்கும்போது ராட் தன் முன்முனையில் கோணம் மாற வேண்டும். ரப்பர் அதற்கு வளைந்துகொடுக்கும். கெட்டியான பாலியூரித்தேன் கொடுக்காது. வளைவு முழுவதும் இரும்பின் மீது விழும். நாளடைவில் மரை தொடங்கும் இடத்தில் ராட் களைத்து முறியும். ஓடும் வண்டியில் அது முறிந்தால் கீழ் ஆர்ம் பின்னால் மடங்கும், சக்கரம் ஃபெண்டரில் மோதும். நல்ல ரப்பர் போடுங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் முன்முனையில் உருண்டை ஜாயின்ட் வைத்த ராட் போடுங்கள்.

கீழ் ஆர்முக்கும் இதே நியாயம்தான். ஸ்ட்ரட் ராட் பிடித்திருப்பதால் ஆர்மின் வெளி முனை நேர்மேலே போகாது. சற்று முன்பின்னாக வளைந்தே போகும். உள் புஷ் அந்தக் கோணலுக்கு இடம் தர வேண்டும். சாலையில் ஓட்டும் வண்டிக்கு ரப்பர் புஷ் போட்ட கீழ் ஆர்மே சரி. பால் ஜாயின்ட் போனால் முழு ஆர்மாக மாற்றுவதே வழக்கம். மலிவான நகல்களில் தகடு மெல்லியதாக வரும். அடிப்பக்கம் திறந்திருப்பதைத் தகடு வைத்து வெல்டு செய்து மூடிய ஆர்ம் வாங்கினால் பிரேக்கில் முறுக்காது. பழைய ஆர்மையே மூடுவதாக இருந்தால் வெல்டிங் முடிந்த பிறகு புஷ்ஷை அழுத்துங்கள். முன்பே இருந்தால் ரப்பர் வெந்துவிடும்.

கீழ் ஆர்ம் போல்ட்டை வண்டி தூக்கியிருக்கும்போது கடைசி இறுக்கு இறுக்காதீர்கள். கையால் மட்டும் பிடித்துவிட்டு, சக்கரங்களைத் தரையில் இறக்கி, வண்டியை நாலைந்து முறை அழுத்தி உட்கார வைத்து, பிறகு ஷாப் மேனுவல் சொல்லும் டார்க்கில் (இறுக்கும் விசையின் அளவு) இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே இருக்கும். வண்டி உயரமாக நிற்கும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும்.

சக்கரத்தில் ஆட்டம்

பேரிங்கா, பால் ஜாயின்ட்டா? சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயின்ட் அல்லது புஷ்.

மேல் பால் ஜாயின்ட்டைச் சோதிக்கும் முறை இந்த வண்டிக்குத் தனி. தரையில் நிற்கும்போதே மேல் ஆர்முக்கும் சட்டத்துக்கும் இடையே மரக்கட்டை ஒன்றைச் செருகுங்கள். பிறகு ஜாக்கியைச் சட்டத்துக்கு அடியில் வைத்துத் தூக்குங்கள். ஸ்பிரிங்கின் பளுவைக் கட்டை வாங்கிக்கொள்ளும், ஜாயின்ட் தளரும். இப்போது டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பினாலும், மேல் விளிம்பை உள்ளே வெளியே தள்ளினாலும் தேய்மானம் கண்ணில் தெரியும். கட்டை இல்லாமல் பார்த்தால் தேய்ந்த ஜாயின்ட்டும் இறுக்கமாகவே தோன்றலாம்.

தொழிற்சாலை ஆர்மில் மேல் பால் ஜாயின்ட் ரிவெட் அடித்திருக்கும். ஆர்ம் விரிசல் இல்லாமல், ஷாஃப்ட் சரியாக இருந்தால் ரிவெட் தலையை நடுவில் துளைத்து உளியால் வெட்டி, புது ஜாயின்ட்டை அதனுடன் வரும் கடின போல்ட்டில் மாட்டலாம். நல்ல பழைய ஆர்ம், தரம் தெரியாத புது நகலைவிட மேல். ரிவெட் இருந்தால் அது இதுவரை மாற்றப்படாத ஜாயின்ட், போல்ட் இருந்தால் ஒருமுறையாவது மாற்றியிருக்கிறார்கள் என்பதும் வண்டி வாங்கும்போது உதவும் தகவல்.

டயர் உள்பக்கம் மட்டும் தின்னுகிறது

பெரும்பாலும் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருப்பதன் அடையாளம் இது. 65-66 வண்டியில் கேம்பர் (சக்கரத்தின் தலை உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்), கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) இரண்டுமே மேல் ஆர்ம் ஷாஃப்டுக்கும் டவருக்கும் இடையே வைக்கும் ஷிம்களால் (மெல்லிய இடைத்தகடுகள்) சரிசெய்யப்படுகின்றன. இரு போல்ட்டிலும் சமமாக ஷிம் எடுத்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். சேர்த்தால் வெளியே சாயும். முன் போல்ட்டில் மட்டும் சேர்த்தால் பால் ஜாயின்ட் பின்னால் போகும், பாசிட்டிவ் கேஸ்டர் கூடும். 1967 முதல் கேம்பரைக் கீழ் ஆர்மின் உள் போல்ட்டில் உள்ள கேம் (மையம் விலகிய வட்டு) சரிசெய்யும். கேஸ்டரை ஸ்ட்ரட் ராட் நட்டுகள் சரிசெய்யும். ராடைக் குறுக்கினால் கேஸ்டர் பாசிட்டிவ் பக்கம் போகும். இந்த மாற்றத்தால்தான் 66 வரையிலான ஆர்மை 67-க்கு வாங்கக் கூடாது. ஆண்டைச் சொல்லி வாங்குங்கள்.

ஷிம்களைக் கூட்டிக்கொண்டே போயும் சக்கரத்தின் தலை உள்ளேயே சாய்ந்திருந்தால் ஆர்மைக் குறை சொல்லாதீர்கள். ஷாக் டவர்களைப் பாருங்கள். ஸ்பிரிங் முழுப் பளுவையும் டவரின் தலையில் வைப்பதால் பல ஆண்டுகளில் இரண்டு டவரும் இன்ஜின் பக்கம் சாயும். ஃபயர்வாலுக்கும் (இன்ஜினுக்கும் பயணிகள் அறைக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) டவர்களுக்கும் இடையே போடும் ஒரே துண்டு எக்ஸ்போர்ட் பிரேஸ் இதற்கு நல்ல அளவுகோல். அதன் துளைகள் போல்ட்டுகளோடு பொருந்தாவிட்டால் டவர் நகர்ந்திருக்கிறது. டவர்களுக்கு இடையே ஹைட்ராலிக் முட்டு கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, பிரேஸைப் போட்டு நிறுத்துங்கள். மேல் ஆர்ம் போல்ட் துளைகளைச் சுற்றிப் பெயின்ட்டைச் சுரண்டி விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். விரிசல் விட்ட டவரில் விலை உயர்ந்த ஆர்ம் மாட்டுவது வீண்செலவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

வேகத்தில் அலைகிறது, திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரவில்லை

தொழிற்சாலை அலைன்மென்ட் அளவுகள் அந்தக் காலத்து பயஸ் பிளை டயருக்காக வைத்தவை. இன்றைய ரேடியல் டயருக்குக் கேஸ்டர் கூடுதலாக வேண்டும். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டிக்குப் பாசிட்டிவ் 2 முதல் 3 டிகிரி. கைஸ்டீயரிங் என்றால் 2-க்குள் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் நிறுத்துமிடத்தில் தோள் வலிக்கும். கேம்பர் 0 முதல் நெகட்டிவ் அரை டிகிரி. டோ-இன் (இரு சக்கரங்களின் முன்விளிம்பு உள்நோக்கி நெருங்கும் அளவு) 1/8 அங்குலம், அதாவது 3 மில்லிமீட்டர் அளவு. முதலில் கேஸ்டர், பிறகு கேம்பர், கடைசியில் டோ. வரிசை மாறினால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும்.

இந்தக் கேஸ்டரை ஷிம் மட்டும் வைத்துப் பிடிக்கப் பார்த்தால் முன் போல்ட்டில் கனமான அடுக்கும் பின்னால் ஒன்றுமில்லாமலும் முடியும். ஷாஃப்ட் டவரில் கோணலாக உட்காரும். டியூப் (குழாயால் செய்த) மேல் ஆர்ம் வாங்க நியாயமான காரணம் இதுதான்: சிலவற்றில் பால் ஜாயின்ட்டைப் பின்னால் தள்ளிவைத்து, கேஸ்டரை ஆர்மிலேயே கட்டியிருப்பார்கள். அப்படிக் கட்டாத டியூப் ஆர்ம் பார்க்க அழகு, அவ்வளவே. எத்தனை டிகிரி உள்ளே கட்டியிருக்கிறது என்று விற்பவரிடம் கேளுங்கள். எண் சொல்ல முடியாதவரிடம் வாங்க வேண்டாம். சரிசெய்யக்கூடிய ஸ்ட்ரட் ராட் போட்டாலும் தொழிற்சாலை ஆர்மிலேயே இந்தக் கேஸ்டர் கிடைக்கும்.

புது ஆர்ம் மாட்டிய பிறகுதான் ஸ்டீயரிங் திரும்பி வராமல் போனது என்றால், பால் ஜாயின்ட் மிக இறுக்கமாக வந்திருக்கலாம். டை ராட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) முனையைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலைக் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) கையால் திருப்பிப் பாருங்கள். ஒரே சீராக வழுக்க வேண்டும். இடையே பிடிக்கக் கூடாது.

வளைவில் வெளிச் சக்கரம் சாய்கிறது, முன்பக்கம் உழுகிறது (திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கிறது)

ஆர்ம் எப்படிப்பட்டது என்பதைவிட அது டவரில் எங்கே மாட்டியிருக்கிறது என்பதே இங்கே முக்கியம். ஃபோர்டு பொறியாளர் கிளவுஸ் ஆர்னிங் வகுத்த மாற்றம் 1965 ஷெல்பி ஜிடி350-இல் (ஷெல்பி நிறுவனம் மஸ்டாங்கை மாற்றிச் செய்த வண்டி) வந்தது: மேல் ஆர்மின் உள் போல்ட் துளைகளை ஒரு அங்குலம் கீழே இறக்குவது. இதனால் வண்டி சாயும்போது வெளிச் சக்கரத்தின் தலை உள்ளே இழுக்கப்படும், டயர் தரையில் தட்டையாக நிற்கும். ஷெல்பி 1966 உற்பத்தியின் நடுவே செலவு கருதி இதை விட்டுவிட்டது. ஆனாலும் இன்றுவரை இதற்கு ஈடான மலிவான மேம்பாடு இந்த வண்டிக்கு இல்லை.

ஆர்மைக் கழற்றியிருக்கும்போது பழைய துளைகளில் புதுத் துளையின் இடத்தைக் காட்டும் வார்ப்புருத் தகடு ஒன்றை போல்ட் போட்டு நிறுத்தி, சிறு டிரில்லில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். அரை அங்குல போல்ட்டுக்கு 17/32 அங்குலத் துளை. ஓரப் பிசிறைத் தேய்த்து, வெற்று இரும்புக்குத் துரு தடுக்கும் பெயின்ட் அடியுங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் இறக்காதீர்கள். அதைத் தாண்டினால் மேல் பால் ஜாயின்ட் தன் கோணத்தின் எல்லையில் முட்டும், ஜாயின்ட்டைச் சாய்க்கும் ஆப்புத் தகடு தேவைப்படும். வண்டியின் முன்பக்கம் அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமாக இறங்கும். ஸ்பிரிங் வெட்டுவதாக இருந்தால் இதையும் கணக்கில் எடுங்கள்.

மாட்டிய பிறகு ஒரு பக்கம் உயரம்

ஸ்பிரிங்கின் கீழ் முனை சீட்டில் உள்ள தடுப்பை ஒட்டி, அரை அங்குலத்துக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். சுற்றிப்போய் வேறிடத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பக்கம் தூக்கலாக நிற்கும். அது சரியாக இருந்தால், கீழ் ஆர்ம் போல்ட்டைத் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டார்களா என்று பாருங்கள்.

வாங்கும் முன் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

பெட்டியைத் திறந்து மேல் ஆர்மை மேசையில் வையுங்கள். ஷாஃப்ட் கையால் சுற்ற வேண்டும், சற்றே எதிர்ப்போடு. கடகடவென்று ஆடக் கூடாது. ஸ்பிரிங் சீட் போல்ட் துளைகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று நேர்க்கோல் வைத்துப் பாருங்கள். கோணலாக இருந்தால் ஸ்பிரிங் சாய்ந்து டவரில் உரசும். பால் ஜாயின்ட் தண்டின் சரிவு உங்கள் ஸ்பிண்டிலின் துளையில் தள்ளாடாமல் உட்கார வேண்டும். தண்டில் மார்க்கர் மையைப் பூசி, துளையில் வைத்துச் சுற்றி எடுங்கள். மை முழு நீளத்துக்கும் அழிந்திருந்தால் பொருத்தம் சரி, ஒரு முனையில் மட்டும் அழிந்திருந்தால் மாட்டாதீர்கள். டியூப் ஆர்மில் வெல்டிங் சீராகச் சுற்றி வந்திருக்க வேண்டும். மேல் ஆர்மின் உள் புஷ் ஒரே அச்சில் மட்டும் சுழல்வதால் இங்கே டெல்ரின் (கெட்டியான பிளாஸ்டிக்) போன்ற வழுக்கும் புஷ் நல்லது. கீழ் ஆர்முக்குச் சொன்ன ரப்பர் விதி மேல் ஆர்முக்கு இல்லை.

"மஸ்டாங் 2" என்று பெயர் போட்ட ஆர்ம்கள் சந்தையில் நிறையக் கிடைக்கும். அவை 1974 முதல் 1978 வரை வந்த வேறு வண்டியின் அமைப்பு. அதில் ஸ்பிரிங் கீழ் ஆர்மில். ஷாக் டவரையே வெட்டி எடுத்துவிட்டு மாட்டும் கிட்டுகளுக்கானவை, இதில் பொருந்தாது.

கழற்றும்போது

இந்த வண்டிக்கென்று உள்ள ஸ்பிரிங் கம்ப்ரெசர் வேண்டும். ஷாக் அப்சார்பரை எடுத்துவிட்டு டவரின் மேலிருந்து உள்ளே இறங்கி ஸ்பிரிங் சுற்றைப் பிடிப்பது அது. மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டுக்கான இரட்டைக் கொக்கி வகையை இதில் மாட்டாதீர்கள். டவருக்குள் நேராக நிற்காமல் நழுவும். ஸ்பிரிங் சீட்டிலிருந்து தளர்ந்து கையால் ஆடும் வரை அழுத்திய பிறகே பால் ஜாயின்ட் நட்டைத் தொடுங்கள். நட்டை முழுவதும் கழற்றாமல் நாலைந்து மரை விட்டு, ஸ்பிண்டிலின் பக்கத்தில் சுத்தியலால் தட்டித் தண்டை விடுவியுங்கள். முன்பே ஷிம்களைப் போல்ட் வாரியாகக் கட்டிப் பெயர் எழுதி வையுங்கள். திரும்ப அதே இடத்தில் வைத்தால் அலைன்மென்ட் கடை வரையாவது வண்டி நேராகப் போகும். பூட்டும்போது பால் ஜாயின்ட் நட்டின் பள்ளம் ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் பூட்டும் கம்பி) போடும் துளைக்கு நேராக வராவிட்டால் இன்னும் சற்று இறுக்கி நேராக்குங்கள். பின்னோக்கித் தளர்த்தி நேராக்காதீர்கள். ஸ்பிளிட் பின் புதிதாகப் போடுங்கள்.